சரத்தில் எத்தனையாவது எழுத்து? பைத்தான் எண்ணும் விதம்

பைத்தான் என்ற நிரல்மொழியில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் எதுவும் சரம்தான். ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், ஒரு முழு நாவல், எதுவானாலும் சரி. அந்தச் சரத்திலிருந்து ஒரே ஓர் எழுத்தை மட்டும் எடுக்க வேண்டுமானால் அது இருக்கும் இடத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். இடத்தைச் சொல்லும் எண்ணைச் சுட்டெண் என்கிறோம். நிரலர்கள் பேசிக்கொள்ளும்போது இன்டெக்ஸ் என்பார்கள்.

பைத்தானின் கட்டளைச் சொற்களை ரோமன் எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஆனால் நாம் உருவாக்கும் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைப் போட்டு வைக்கும் பெட்டிகளுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கப் பைத்தான் 3 இடம் கொடுக்கிறது. அதனால் கீழே வரும் வரிகளை அப்படியே பைத்தான் ஷெல்லில் (ஒரு வரி தட்டியதும் விடை காட்டும் சாளரத்தில்) இட்டுப் பார்க்கலாம். மூன்று கோணக் குறிகள் ஷெல் தானாகக் காட்டுபவை. அவற்றைத் தட்ட வேண்டாம்.

>>> சொல் = "அவசர"
>>> சொல்[0]
'அ'
>>> சொல்[2]
'ச'

மாறியின் பெயர், ஒட்டியபடி சதுர அடைப்புக்குறி, உள்ளே ஒரு முழு எண். எழுதும் முறை அவ்வளவுதான். இடைவெளி, காற்புள்ளி, சிறுகோடு ஆகியவையும் ஆளுக்கோர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கண்ணில் படாத இடைவெளி ஒன்று சரத்தின் தொடக்கத்தில் இருந்தால் எல்லா எண்களும் ஒன்று தள்ளிப்போகும். (கால், கொம்பு, புள்ளி எதுவும் இல்லாத "அவசர" என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்திருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.)

அடைப்புக்குறிக்குள் எண்ணுக்குப் பதிலாகக் கணக்கையும் எழுதலாம். சொல்[1 + 1] என்றாலும் 'ச' வரும். ஆனால் விடை முழு எண்ணாக இருக்க வேண்டும். சரத்தின் நடு எழுத்தை எடுக்க நினைத்து சொல்[4 / 2] என்று எழுதினால் பைத்தான் மறுத்துவிடும். ஒற்றைச் சாய்கோட்டு வகுத்தல் எப்போதும் தசம எண்ணையே தரும். அதன் பார்வையில் விடை 2.0, 2 இல்லை. இரட்டைச் சாய்கோடு போட்டு சொல்[4 // 2] என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

இனி, முதன்முதலாகக் கற்கும் எல்லோரையும் தடுக்கிவிடும் அந்தப் பூஜ்யம். சொல்[1] என்று கேட்டால் முதல் எழுத்து வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வருவதோ 'வ'. இதை ஒரு வேண்டாத பிடிவாதம் என்று நினைத்து மனப்பாடம் செய்துகொள்பவர்கள் பலர். மனப்பாடம் தேவையில்லை. சுட்டெண் என்பது வரிசை எண் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. உண்மையில் அது தொலைவு: சரத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனை எழுத்துகளைத் தாண்டிப் போக வேண்டும் என்ற கணக்கு. முதல் எழுத்தை அடைய எதையும் தாண்ட வேண்டியதில்லை, எனவே 0. மூன்றாம் எழுத்தை அடைய இரண்டைத் தாண்ட வேண்டும், எனவே 2.

ஓர் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அதன் முதல் சென்டிமீட்டர் 0 என்ற கோட்டில் தொடங்கி 1 என்ற கோட்டில் முடிகிறது. சரத்தின் எழுத்துகளை அந்தச் சென்டிமீட்டர் கட்டங்களில் வரிசையாக வையுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இடப்பக்கக் கோட்டின் எண்தான் சுட்டெண். இந்தப் படத்தைக் கைவிடாதீர்கள். துண்டுபோடும் இடத்தில் மறுபடி வேண்டியிருக்கும்.

எல்லா நிரல்மொழிகளும் இப்படி எண்ணுவதில்லை. சி, ஜாவா போன்றவை 0 பக்கம். லுவா, ஆர், ஜூலியா ஆகியவை 1 பக்கம். கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு குறிப்பில் 0 பக்கத்துக்காக வாதாடினார். தொடக்க எல்லையைச் சேர்த்துக்கொண்டு முடிவு எல்லையை விட்டுவிடுவதே ஒரு வரிசையைக் குறிக்கும் சீரான வழி, அப்படிக் குறிக்கும்போது பூஜ்யத்திலிருந்து எண்ணுவதே அழகாகப் பொருந்துகிறது என்பது அவர் வாதம். பைத்தானும் அந்த வழியில்தான் நடக்கிறது.

சரத்தின் நீளத்தை அறிய லென் என்ற செயற்கூறு (கொடுத்ததை வாங்கி விடை தரும் ஆயத்தக் கட்டளை) இருக்கிறது. "அவசர" என்பதை அதனிடம் கொடுத்தால் 4 என்று சொல்லும். எனவே கடைசி எழுத்தின் சுட்டெண் 3. சொல்[4] என்று கேட்டால் 'சுட்டெண் எல்லைக்கு வெளியே இருக்கிறது' என்னும் பொருளில் இன்டெக்ஸ் எரர் வரும். நீளமும் கடைசிச் சுட்டெண்ணும் எப்போதும் ஒன்று வேறுபடும் என்பதால், கடைசி எழுத்தை எடுக்க ஒவ்வொரு முறையும் நீளத்தைக் கேட்டு, ஒன்றைக் கழித்து எழுத வேண்டியிருக்கும். பைத்தான் இதற்கு ஒரு குறுக்குவழி தருகிறது.

>>> சொல்[-1]
'ர'
>>> சொல்[-4]
'அ'

கழித்தல் குறி போட்டால் பின்னாலிருந்து எண்ணுகிறது. -1 கடைசி, -2 அதற்கு முந்தையது. பின்னாலிருந்து எண்ணும்போது மட்டும் ஏன் 1இல் தொடங்குகிறது? கழித்தல் பூஜ்யம் என்று தனியாக ஓர் எண் இல்லை. -0 என்பதும் 0தான், அது முதல் எழுத்துக்குப் போய்விட்டது. தவிர, நீளத்திலிருந்து 1ஐக் கழித்தால் கடைசி இடம் கிடைக்கும் அல்லவா? நீளத்தை எழுதாமல் விட்டுவிட்டால் மிஞ்சுவது -1.

இந்தக் குறுக்குவழியில் ஒரு பொறி இருக்கிறது. தவறான சுட்டெண் கொடுத்தால் பைத்தான் கூச்சல் போடும் என்று நம்பிக்கொண்டிருப்போம். கணக்குப் பிசகி எண் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டால் அது கூச்சல் போடாது. பின்னாலிருந்து ஓர் எழுத்தை எடுத்துச் சத்தமில்லாமல் கையில் கொடுத்துவிடும். ஒவ்வோர் எழுத்தையும் அதற்கு முந்தையதோடு ஒப்பிடும் நிரலில் சொல்[இடம் - 1] என்று எழுதுவோம். இடம் 0 ஆக இருக்கும்போது முதல் எழுத்து கடைசி எழுத்தோடு ஒப்பிடப்படும். பிழைச் செய்தி வராது, விடை மட்டும் தவறாக இருக்கும். பிழைச் செய்தி வரும் தவறுகளைவிட இவை பல மடங்கு ஆபத்தானவை.

இன்னொன்று. சரத்துக்குள் ஏதாவது எங்கே இருக்கிறது என்று தேட ஃபைண்ட் என்ற வசதி உண்டு. கிடைத்தால் சுட்டெண்ணைத் தரும். கிடைக்காவிட்டால் -1 தரும். அந்த -1 ஒரு செல்லுபடியாகும் சுட்டெண்ணும் கூட என்பதுதான் வில்லங்கம். ஒரு கோப்பின் பெயரில் முற்றுப்புள்ளியைத் தேடி, அதற்குப் பின்னால் இருப்பதைக் கோப்பு வகையாக எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயரில் முற்றுப்புள்ளியே இல்லை, எனவே ஃபைண்ட் தருவது -1.

>>> கோப்பு = "குறிப்பு"
>>> இடம் = -1
>>> கோப்பு[இடம் + 1:]
'குறிப்பு'

முழுப் பெயரும் கோப்பு வகையாக மாறிவிட்டது. ஃபைண்ட் தந்த விடை -1தானா என்று முதலில் பார்க்க வேண்டும். அல்லது ஃபைண்டுக்குப் பதிலாக இன்டெக்ஸ் என்ற பெயரிலேயே இருக்கும் மற்றொரு வசதியைப் பயன்படுத்தலாம். தேடியது இல்லையென்றால் அது நேராகப் பிழை என்று சொல்லிவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

மேலே அடைப்புக்குறிக்குள் ஒரு முக்காற்புள்ளி வந்துவிட்டது. அதுதான் துண்டுபோடுதல். ஓர் எழுத்துக்குப் பதில் தொடர்ச்சியான பல எழுத்துகள் வேண்டுமானால் தொடக்கத்தையும் முடிவையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுக்கிறோம்.

>>> நாள் = "2008-12-03"
>>> நாள்[0:4]
'2008'
>>> நாள்[5:7]
'12'
>>> நாள்[-2:]
'03'

நாள்[0:4] என்பதில் 4ஆம் இடத்தில் இருக்கும் சிறுகோடு வரவில்லை. அளவுகோலை நினைத்தால் இது விளங்கும்: 0 என்ற கோட்டிலிருந்து 4 என்ற கோடு வரை வெட்டுகிறோம், கிடைப்பவை நான்கு கட்டங்கள். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் துண்டின் நீளம். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. நாள்[:4] என்றும் நாள்[4:] என்றும் இரண்டாக வெட்டி ஒட்டினால் ஒன்றும் விடுபடாமல், ஒன்றும் இரட்டிக்காமல் பழைய சரம் திரும்பக் கிடைக்கும். எந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டாலும் அந்தப் பக்கத்துக் கடைசி வரை என்று பொருள். மூன்றாவதாக ஓர் எண்ணும் உண்டு, அது எத்தனை எத்தனையாகத் தாண்ட வேண்டும் என்பது. நாள்[::-1] என்றால் தலைகீழாக '30-21-8002' வரும்.

துண்டுபோடுவதில் பைத்தான் தாராளமானது. சொல்[100] பிழை, சொல்[1:100] பிழை இல்லை, இருப்பதை வைத்து 'வசர' என்று தந்துவிடும். சொல்[50:] என்றால் வெற்றுச் சரம். இந்தத் தாராளம் ஓரிடத்தில் மிகவும் உதவும். பயனர் ஒன்றும் தட்டாமல் விட்ட வெற்றுச் சரத்தில் [0] என்று கேட்டால் நிரல் நின்றுவிடும். [:1] என்று கேட்டால் வெற்றுச் சரமே திரும்பி வரும், நிரல் நிற்காமல் ஓடும்.

எடுக்கத்தான் முடியும், மாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்[0] = "ந" என்று எழுதினால் டைப் எரர். பைத்தானில் ஒருமுறை உருவான சரம் உருவானதுதான். மாற்றம் வேண்டுமானால் துண்டுகளை ஒட்டிப் புதுச் சரம் உருவாக்க வேண்டும்.

>>> பழையது = "நகர"
>>> "த" + பழையது[1:]
'தகர'

பழையது அப்படியே இருக்கும். வேறு சில மொழிகளிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது: பைத்தானில் எழுத்து என்று தனி வகை கிடையாது. சொல்[0] தருவது நீளம் 1 உள்ள இன்னொரு சரம். ஆகவே சொல்[0][0][0] என்று எத்தனை அடைப்பு போட்டாலும் 'அ' வந்துகொண்டே இருக்கும். பயன் ஒன்றுமில்லை, விளையாட்டுதான்.

எழுத்துகள் ஒவ்வொன்றையும் பார்த்துச் செல்வதற்குச் சுட்டெண்ணே தேவையில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் சுழற்சியிடம் சரத்தைக் கொடுத்தால் எழுத்துகளையே வரிசையாகத் தரும். இடமும் சேர்த்து வேண்டுமானால் இனுமரேட் என்ற செயற்கூறு இருக்கிறது. சுட்டெண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் சுழற்சியைப் பைத்தானில் எழுத நேர்ந்தால், அது உண்மையில் வேண்டுமா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

இப்போது, தள்ளிவைத்திருந்த கால், கொம்பு, புள்ளி.

>>> மொழி = "தமிழ்"
>>> மொழி[0]
'த'
>>> மொழி[1]
'ம'
>>> மொழி[2]
'ி'
>>> மொழி[-1]
'்'

மொழி[1] 'மி' என்றல்லவா இருக்க வேண்டும்? கடைசி எழுத்து 'ழ்' என்றல்லவா வர வேண்டும்? லென் செயற்கூறும் 3 என்று சொல்லாமல் 5 என்கிறது. பைத்தான் தவறு செய்யவில்லை. அது எண்ணுவது யூனிகோட் குறியெண்களை, அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கு யூனிகோட் என்ற பொதுத் தரம் ஒதுக்கியிருக்கும் எண்களை. தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கியிருக்கும் பகுதியில் மொத்தம் 128 இடங்கள்தான். நம் எழுத்துகளோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒவ்வொன்றுக்கும் தனியிடம் கொடுக்காமல், அகரமேறிய எழுத்துகளுக்கு ஓரிடம், உயிர்க்குறிகளுக்கு ஓரிடம், புள்ளிக்கு ஓரிடம் என்று கொடுத்திருக்கிறார்கள். 'மி' என்பது ம, இகரக் குறி என இரண்டு குறியெண்கள். 'ழ்' என்பது ழ, புள்ளி என இரண்டு.

இலக்கணம் படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ழ் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் ழ என்றுதான் படித்திருக்கிறோம். கணினியில் ழ முதலில் இருக்கிறது, அதிலிருந்து அகரத்தை நீக்கப் புள்ளி வந்து சேர்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் அன்றாடம் நம் கைக்கு வரும் பனுவல் யூனிகோட் வடிவில்தான் இருக்கிறது. அதோடுதான் வேலை செய்தாக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் வரிசையும் சரத்தில் இருக்கும் வரிசையும் கூட வேறுபடும். "பேச" என்று எழுதும்போது கொம்பு ப-வுக்கு இடப்பக்கம் இருக்கிறது. சரத்திலோ 0ஆம் இடத்தில் ப, 1ஆம் இடத்தில் கொம்பு. தட்டச்சு முறை எதுவானாலும் யூனிகோட் விதிப்படி குறி எப்போதும் எழுத்துக்குப் பின்னால்தான்.

பைத்தான் 2 காலத்தை நினைத்தால் இன்றைய நிலை எவ்வளவோ மேல். அப்போது சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் (கணினி நினைவகத்தின் சிறு அலகுகளின்) வரிசை. குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பிடிக்கும் என்பதால் "தமிழ்" 15 பைட்டு. [0] என்று கேட்டால் த-வின் மூன்றில் ஒரு பங்கு வரும், அதை வைத்து என்ன செய்வது? மேலே துண்டுபோட்ட 2008-12-03 என்ற நாளில் வெளியான பைத்தான் 3.0தான் சரம் என்றாலே யூனிகோட் என்று ஆக்கியது. 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து ஒரு சரத்தின் எல்லாக் குறியெண்களும் நினைவகத்தில் ஒரே அகலத்தில் வைக்கப்படுகின்றன. தமிழ்ச் சரத்தில் ஆளுக்கு இரண்டு பைட்டு, இமோஜி ஒன்று நுழைந்துவிட்டால் ஆளுக்கு நான்கு. அகலம் ஒன்றாக இருப்பதால் பத்தாயிரமாவது இடத்தைக் கேட்டாலும் பெருக்கல் ஒன்றில் அங்கே போய்விடலாம். முதலிலிருந்து நடந்துபோக வேண்டியதில்லை.

இந்தக் குறியெண் கணக்கு தெரியாவிட்டால் என்ன ஆகும்? நீண்ட தலைப்புகளைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டிக் காட்டும் நிரல்களில் அடிக்கடி காணலாம்: மொழி[:4] என்று வெட்டினால் 'தமிழ' என்று புள்ளி கழன்று நிற்கும், மொழி[:2] என்றால் 'தம'. தலைகீழாக்குவது இன்னும் வேடிக்கை. மொழி[::-1] செய்தால் புள்ளி தொடக்கத்தில் அநாதையாக நிற்க, இகரக் குறி ம-வை விட்டு ழ-வோடு ஒட்டிக்கொண்டு 'ழி' ஆகிவிடும். ஒரு சொல் விகடகவி போல இருபுறமும் ஒன்றாகப் படிக்கப்படுகிறதா என்று சோதிக்கும் பயிற்சியைப் பாடங்களில் கொடுப்பார்கள். ஆங்கிலத்துக்கு எழுதிய விடையை "விகடகவி" என்ற சொல்லிடமே கொடுத்தால் இல்லை என்று சொல்லிவிடும்.

தீர்வு கடினமானதில்லை. ஒரு வெற்றுப் பட்டியலை வைத்துக்கொண்டு சரத்தை முதலிலிருந்து பாருங்கள். குறியெண் ஒவ்வொன்றும் எந்த வகை என்று பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுதி சொல்லும்; உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் அது தரும் வகைப்பெயர் எம் என்ற ரோமன் எழுத்தில் தொடங்கும். அப்படி ஒரு குறி வந்தால் பட்டியலின் கடைசி உறுப்போடு ஒட்டுங்கள். மற்றபடி எது வந்தாலும் புது உறுப்பாகச் சேருங்கள். கடைசியில் கிடைப்பது இப்படி ஒரு பட்டியல்:

>>> எழுத்துகள் = ["த", "மி", "ழ்"]
>>> எழுத்துகள்[1]
'மி'
>>> எழுத்துகள்[-1]
'ழ்'

பட்டியலுக்கும் அதே சதுர அடைப்பு, அதே பூஜ்யம், அதே துண்டுபோடுதல். சரத்தில் கற்றது எதுவும் வீணாகாது. 'க்ஷ' போன்ற கூட்டெழுத்து மட்டும் இந்த வழியில் 'க்', 'ஷ' என இரண்டாகப் பிரியும். அதை ஒன்றாக வைக்க விரும்பினால் தனி விதி எழுத வேண்டும். நீங்களே எழுத வேண்டாம் என்றால் ஓப்பன் தமிழ் என்ற திறமூல நூலகத்தில் சரத்தை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு ஆயத்தமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் பலரும் கவனிக்காமல் விடுவது. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனிக் குறியெண் உண்டு. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியும் அதே தோற்றத்தைப் பெறலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. முதல் வகையில் "கொ" நீளம் 2, இரண்டாம் வகையில் 3. இரண்டும் சமமா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்றுவிடும். யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றிடம் என்எஃப்சி என்ற வடிவைக் கேட்டால் இரண்டும் முதல் வகைக்கு வந்துவிடும். வெளியிலிருந்து வரும் தமிழ்ச் சரங்களை, சுட்டெண் போடுவதற்கு முன் ஒருமுறை இதில் அனுப்புவது என் வழக்கம். விந்தை என்னவென்றால், மாறிகளின் பெயர்களைப் பைத்தான் தானே இப்படிச் சீர்செய்துகொள்கிறது. சொல் என்ற மாறியை எந்த வகையில் தட்டினாலும் ஒரே மாறிதான். மேற்கோளுக்குள் இருப்பதில் மட்டும் அது கைவைப்பதில்லை.

குறியெண் வாரியாக எண்ணுவது எப்போதும் தொல்லைதான் என்று நினைக்க வேண்டாம். சொல்லின் ஈறு உயிரா மெய்யா என்று அறிய [-1] ஒன்றே போதும். புள்ளி வந்தால் மெய்யீறு. உயிர்க்குறி வந்தால் அந்த உயிர். குறி எதுவும் இல்லாத உயிர்மெய் வந்தால் அகரம். புணர்ச்சி விதிகளை நிரலாக எழுத முனைபவர்களுக்கு, 'ழ்' என்று முழு எழுத்தாக வருவதைவிட இது வசதி.

>>> பெயர் = "மரம்"
>>> பெயர்[-2:]
'ம்'
>>> பெயர்[:-2] + "த்தை"
'மரத்தை'

"பாடம்", "பழம்" என்று கொடுத்துப் பாருங்கள், சரியாகவே வரும். பிறகு "நாம்" என்று கொடுத்துப் பாருங்கள். 'நாத்தை' என்று வரும். அங்கே சுட்டெண்ணால் ஆவது ஒன்றுமில்லை, விதிவிலக்குகளுக்குத் தனிப் பட்டியல் போட வேண்டியதுதான்.